சார்வாளின் தாகம்

“ஒரு வாய் தண்ணி கேட்டா, என்னமோ உங்கப்பன் வீட்டுக் கிணத்தையே எழுதிக் கேட்ட மாதிரில்லா பாக்க,” என்று என் வீட்டுக்காரர் செலஸ்டின் அன்றைக்கு மூன்றாவது தடவையாகச் சொன்னார். மூன்று தடவையும் அதே வார்த்தைகள், அதே இழுவை, ‘கிணத்தையே’ என்கிற இடத்தில் அதே கைவீச்சு. எங்கப்பா வீட்டில் கிணறு கிடையாது, தெருக்குழாய்தான் என்று நானும் மூன்றாவது தடவையாகச் சொன்னேன். மணி காலை பத்தரை. நான் நிரப்பிக் கொடுத்த பாட்டிலில் பாதிக்கு மேல் காலி.

அந்தப் பாட்டிலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னைக் கொடுமைக்காரி என்று நினைத்துக்கொண்டே மீதியைப் படிப்பீர்கள். செலஸ்டினுக்கு இரண்டு சிறுநீரகங்களும் இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேலையை விட்டு நின்றுவிட்டன. திங்களும் வியாழனும் காலை ஆறு மணிக்கு டயாலிசிஸ். உள்ளே போகிற தண்ணீர் வெளியே வர வழி இல்லாததால், காபி, ரசம், மாத்திரை விழுங்குகிற மடக்கு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு எழுநூறு மில்லி, அதற்கு மேல் ஒரு சொட்டுகூடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் ஒரு கண்ணாடி பாட்டிலில் எழுநூறு அளவுக்குச் சிவப்பு நகப்பாலிஷால் கோடு போட்டு, தினமும் காலையில் அந்தக் கோடு வரைக்கும் நிரப்பி, அவர் கையில் கொடுத்துவிடுவேன், காபிக்கும் ரசத்துக்கும் அதிலிருந்தே எடுத்துக்கொள்வேன். கான்வென்ட்டில் எங்களுக்குப் பால் ஊற்றிய மதர் இப்படித்தான் கோடு பார்த்து ஊற்றுவார். அவரை நாங்கள் பட்டப்பெயர் வைத்துத் திட்டினோம். இப்போது என்னை இவர் திட்டுகிறார். திட்டட்டும்.

முப்பது வருஷம் தூத்துக்குடி உப்பு லாரிகளை எடை மேடையில் ஏற்றி, வெறும் வண்டி இவ்வளவு, சரக்கோடு இவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட மனுஷன், இப்போது வாரத்துக்கு இரண்டு தடவை தானே எடை மேடையில் ஏறி நின்றார். சேர்ந்துபோன தண்ணீரையெல்லாம் எடுத்த பிறகு உடம்பு நிற்க வேண்டிய எடைக்கு ட்ரை வெயிட் என்று பெயர், அவருக்கு அது ஐம்பத்தெட்டு. “வெறும் வண்டி அம்பத்தெட்டு கிலோ,” என்பார் நர்ஸிடம், “மிச்சமெல்லாம் ஓவர்லோடு.” ஓவர்லோடு இரண்டு கிலோவைத் தாண்டினால் மூச்சு வாங்கும். மூன்றைத் தாண்டினால் படுக்க முடியாது, உட்கார்ந்தே இருக்க வேண்டும். நான்கைத் தாண்டிய கதைக்கு வருகிறேன்.

இந்த இரண்டு வருஷமாக நான் அவர் முன்னால் தண்ணீர் குடித்ததில்லை. அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று, விழுங்குகிற சத்தம் கேட்காமல் இருக்க மிக்சியை ஓடவிட்டுத்தான் குடிப்பேன். “வெறும் ஜாரை ஓடவிட்டு என்னத்தட்டி அரைக்க?” என்று கூடத்திலிருந்து கேட்பார். தெரிந்துதான் கேட்பார். பொட்டுக்கடலை என்பேன். இரண்டு வருஷமாகச் சட்னி இல்லாத பொட்டுக்கடலை.

எங்கள் தெரு ஊருக்கு வெளியே, தேரி என்கிற செம்மணல் மேடு தொடங்குகிற இடத்தில், பன்னிரண்டு வீடு. ஆழ்குழாயில் வருவது கடல் மாதிரி உப்பு. குடிக்கவும் சமைக்கவும் புதனும் சனியும் இசக்கி லாரியில் நல்ல தண்ணீர் கொண்டுவருவான். இப்படிப்பட்ட தெருவில்தான், வாசலுக்கு வருகிற கேஸ்காரன், தபால்காரன், வழி கேட்டவன், ஓட்டு கேட்டவன் யாராக இருந்தாலும் முதல் வார்த்தை “தண்ணி குடிக்கியளா” என்பதுதான். வேண்டாம் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். எனக்கு அடுத்த வீட்டுப் பொன்கனி அக்காள் அதில் மகாராணி. கோடை வந்தால் காக்காய்க்கு ஒரு சட்டி, நாய்க்கு ஒரு சட்டி, அணிலுக்குக் கொட்டாங்கச்சியில் ஒரு வாய் என்று காம்பவுண்டு சுவர் முழுக்க வரிசை வைத்து, தன் வீட்டில் குளிக்கத் தண்ணீர் இல்லாமல் நிற்கிற பிறவி. அந்த அக்காள்தான் போன கோடையில், நான் மருந்து வாங்கப் போன நேரம் பார்த்து, “பாவம், சார்வாள் நாக்கு வறண்டு கெடக்காவ” என்று சுவர் வழியாக இரண்டு இளநீரைச் சீவிக் கொடுத்தது. சார்வாள் என்பது என் வீட்டுக்காரர்தான், தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். கூடவே ஒரு செம்பு மோர். அவர் ஒரு மூச்சில் குடித்தார். அன்றைக்குத்தான் நான்கு கிலோ தாண்டியது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நாள். கடைசி நாள் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இன்னொரு தடவை நுரையீரல்ல தண்ணி சேர்ந்து கூட்டிட்டு வந்தா, நான் வாக்குக் குடுக்க மாட்டேம்மா,” என்றார்.

அதற்கெல்லாம் முன்னால், அவருக்குச் சிறுநீரகம் நிற்பதற்கு முந்தின வருஷமே, என் தோட்டம் செத்திருந்தது. செம்பருத்தி, பிச்சி, குரோட்டன்ஸ், எல்லாம் உப்புத் தண்ணீரைக் குடித்து விளிம்பு கருகி, ஒவ்வொன்றாக நின்ற வாக்கிலேயே காய்ந்தன. என்னோடு கான்வென்ட்டில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பெனிட்டா இப்போது இத்தாலியின் தெற்கே ஒரு மொட்டைக் குன்றின் மேல் கன்னியர் மடத்தில் இருக்கிறாள். விடுமுறைக்கு வந்தவள் என் வாசலைப் பார்த்துவிட்டு, “எங்க ஊரும் இப்படித்தாண்டி, ஆறு மாசம் வானம் கண்ணே தெறக்காது,” என்றாள். அடுத்த தடவை வரும்போது கறுப்புப் பையில் ஜெபப் புத்தகத்துக்கு அடியில் அந்தக் குன்றில் தண்ணீரில்லாமல் வளர்கிற வாசனைப் புதர்கள், ரோஸ்மேரிக் குச்சி, லாவண்டர் குச்சி, ஒரு கவரில் மிளகுத்தூள் மாதிரி ராக்ரோஸ் விதை. கூட ஒரு தாளில் குறிப்பு. செடியைச் சுற்றி மண் குவித்து மேடாக்கு, தண்ணீர் நிற்கவே கூடாது. எரு போடாதே. இடித்த வீட்டுச் சுண்ணாம்புக் காரை கிடைத்தால் போடு. மேலே சருகு மூடாதே, சரளைக்கல் பரப்பு. முதல் வருஷம் பத்து நாளைக்கு ஒரு தடவை ஆழமாக ஊற்று, அப்புறம் மறந்துவிடு. நம்மூர் சாலை நடுவில் நிற்கிறதே அரளி, அதுவும் இந்தப் பக்கத்து ஜாதிதான், யார் ஊற்றுகிறார்கள் அதற்கு? கடைசி வரி மட்டும் அடிக்கோடு போட்டிருந்தாள்: இதுகளைக் கொல்ல வேண்டுமென்றால் தினமும் தண்ணீர் ஊற்று.

அந்தக் கடைசி வரியைப் பொன்கனி அக்காள் படிக்கவில்லை. நான் வைத்த முதல் வரிசையை ஒவ்வொரு நாள் காலையிலும் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி வளர்த்தது. ஒரு மாதத்தில் இலை மஞ்சளாகி, பிடுங்கிப் பார்த்தால் வேர் அழுகிய வெற்றிலை மாதிரி கையோடு வந்தது. மொட்டை மாடித் தொட்டியில் நான்கு குச்சியையும் பாதி விதையையும் ஒளித்து வைத்திருந்ததால் இரண்டாவது வரிசை வைக்க முடிந்தது. இந்தத் தடவை சுவர் ஓரமாக முள்கம்பி. அதற்கும் அக்காள் சண்டைக்கு வந்தது. “செடிக்கும் ஊத்த மாட்டேங்க, புருசனுக்கும் ஊத்த மாட்டேங்க. நீ யாருக்குத்தாம்ட்டி தண்ணி ஊத்துவ?”

“உங்க வாயில, ஒரு நாளைக்கு,” என்றேன்.

ஆனால் செடிகள் வந்தன. ஊற்றாமல் விட விட வந்தன. பதினாறு மாதத்தில் ரோஸ்மேரி இடுப்பு உயரம், லாவண்டர் முழங்கால் உயரம், ராக்ரோஸ் பூக்காமல், முறைத்துக்கொண்டு, ஒட்டுகிற இலையோடு ஒரு குடை அகலம். எல்லாம் சாம்பல் பூத்த மாதிரி ஒரு நிறம், பார்த்தால் வாடியதா வாழ்கிறதா என்று தெரியாத முகம், வெயில் ஏற ஏற ஒரு வாசனை. அந்த வாசனையில் உட்கார்ந்தால் நாக்கு கொஞ்சம் அடங்குகிறது என்று செலஸ்டின் தன் பிளாஸ்டிக் நாற்காலியைச் சரளைக்கல் நடுவில் போட்டுக்கொள்வார்.

கிணற்றுச் சண்டை நடந்த அந்தச் செவ்வாய்க்கிழமை, கத்திரி வெயிலின் ஏழாம் நாள், சாயங்காலம் நாலு மணிக்கு, நான் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருக்கும்போது, “எமில்டா, தாகம் எறங்கிப் போச்சு,” என்றார்.

“சந்தோசம்,” என்றேன் நான் திரும்பாமல்.

“அந்தா கெடக்கு பாரு.”

திரும்பிப் பார்த்தேன். ரோஸ்மேரிக்கும் ராக்ரோஸுக்கும் நடுவில், சரளைக்கல்லின் மேல், அவருடைய தாகம் படுத்திருந்தது. ஒரு வெள்ளாட்டுக் குட்டி அளவு. நிறம், காய்ந்து வெடித்த குளத்துத் தரை நிறம். கண்ணும் காதும் தேடினால் கிடைக்கும், ஆனால் முதலில் தெரிவது நாக்குத்தான், செருப்புத் தோல் மாதிரி ஒரு நாக்கு, வெளியே தள்ளி, கல்லின் மேல் கிடந்தது. மூச்சு விடும்போது விலா ஏறி இறங்கியது. நான் துணியை மடித்து முடித்தேன். இரண்டு வருஷமாக என் வீட்டில் சாப்பிட்டுத் தூங்கிச் சண்டை போட்ட ஒன்றை இப்போதுதான் நேரில் பார்க்கிறேன், அவ்வளவுதானே. சத்தியமாகச் சொன்னால், நான் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது.

“கடிக்குமா?” என்றேன்.

“இவ்வளவு நாளும் என்னைத்தான கடிச்சிது,” என்றார். அன்று இரவு பாட்டிலில் இரண்டு விரற்கடை மிச்சம் இருந்தது.

மறுநாள் காலை தண்ணீர் லாரிக்கு வரிசை நின்ற பெண்கள் எங்கள் கேட் வழியாகப் பார்த்துவிட்டு, சார்வாள் வீட்டில் புதுசாக என்னமோ வளர்க்கிறார்கள் என்றும், பார்த்தால் பிள்ளைப்பூச்சி மாதிரி சாதுவாக இருக்கிறது என்றும், எதற்கும் தடுப்பூசி போட்டுவிடுவது நல்லது என்றும் பேசிக்கொண்டார்கள். தெரு நாய்கள் வந்தன, மோந்தன, பக்கத்திலேயே படுத்துக்கொண்டன. இசக்கி லாரியை விட்டு இறங்கி, இடுப்பில் கை வைத்து, ரொம்ப நேரம் பார்த்தான். “சார்வாளோடது கம்பீரமாத்தான் இருக்கு,” என்றான். “நான் பதினஞ்சு வருசமா பிறத்தியாருக்குத் தண்ணி சொமக்கேன், எனக்குள்ள கெடக்கது ஒட்டகம் சைஸுல இருக்கும்.” நாற்காலிக்குப் பக்கத்தில் பத்து நிமிஷம் குத்த வைத்து உட்கார்ந்தான். அவனுடையதும் இறங்கியது. ஒட்டகம் இல்லை, ஒரு கோழி அளவுதான். அவனுக்கு அவமானமாகிவிட்டது.

வியாழக்கிழமை எடை மேடையில் ஏறி நின்றால் வெறும் எண்ணூறு கிராம்தான் கூடியிருந்தது. நர்ஸ் மிஷினைத் தட்டிப் பார்த்தாள். “தாகத்தைச் செடிக்குப் பக்கத்துல விட்டுட்டு வந்திருக்கேன்மா,” என்று செலஸ்டின் சொன்னார், குடையை வீட்டில் வைத்துவிட்டு வந்தேன் என்று சொல்வதுபோல. அவளும் சரி என்று எழுதிக்கொண்டாள்.

அதன் பிறகு சாயங்காலம் நாலு மணி ஆனால் தெருவே எங்கள் சரளைக்கல்லில் வந்து உட்காரத் தொடங்கியது, பெண்கள் முறத்தோடும் அரிவாள்மணையோடும் வந்தார்கள், ஆண்கள் பேப்பரோடு வந்தார்கள், ஒவ்வொருவருக்கும் ஒன்று இறங்கும், பூனை அளவிலோ முயல் அளவிலோ, செடி நிழலில் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து படுக்கும், வெயில் சாய்ந்து ஆட்கள் எழுந்ததும் அதுவும் எழுந்து அவரவர் பின்னால் வீட்டுக்குப் போய்விடும். செலஸ்டினுடையது மட்டும் போகாது. அதற்கு ரோஸ்மேரி அடி பழகிவிட்டது. குடங்கள் சீக்கிரம் காலியாகாமல், புதன்கிழமைத் தண்ணீர் செவ்வாய் வரைக்கும் வந்தது. தெருச் சங்கத்தில் ஒரு கூட்டம் போட்டு, இதை நாய் வளர்ப்புக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று ஒரு மணி நேரம் பேசி, பால் கேட்பதில்லை, குரைப்பதில்லை, ஆகவே சேர்க்க வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். பங்கு ஃபாதர் வந்தார். சுற்றி வந்து பார்த்து, இதைப் பற்றித் திருச்சபை ஒன்றும் சொல்லவில்லை, ஆனாலும் ஒரு ஆசீர் கொடுத்துவிடுகிறேன் என்று தீர்த்தச் செம்பைத் திறந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறந்ததிலிருந்து ஒரு குருவானவர் கையைப் பிடித்து நிறுத்தியது அதுதான் முதல் தடவை. “வாயால ஆசீர்வதிங்க ஃபாதர், தெளிக்காதீங்க,” என்றேன். அவர் பாவம், வாயாலேயே செய்துவிட்டுப் போனார்.

எல்லாரும் கற்றுக்கொண்டார்கள், பொன்கனி அக்காளைத் தவிர. அதற்குத் தூக்கமே போய்விட்டது. தினமும் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, முள்கம்பிக்கு மேலே கழுத்தை நீட்டி, அந்த நாக்கைப் பார்த்துக்கொண்டே இருக்கும். “வாயில்லாத சீவன், கண்ணு முன்னால நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு கெடக்கு, பாத்துக்கிட்டு எப்படித்தாம்ட்டி சோறு எறங்குது உனக்கு?” அது சீவன் இல்லை அக்கா, அது தாகம் என்று நான் நூறு தடவை சொன்னேன். தாகமாக இருக்கிறது என்றுதானே நானும் சொல்கிறேன் என்று அக்காள் நூறு தடவை சொன்னது.

மூன்றாவது புதன்கிழமை. காலைப் பூசைக்குப் போய்விட்டு ஏழு மணிக்குக் கேட்டைத் திறக்கிறேன், ரோஸ்மேரிக்கு அடியில் ஒரு மண்சட்டி. காக்காய்க்கு வைக்கிற சட்டி. காலி. அடியில் ஈரம். சுற்றிலும் சரளைக்கல் நனைந்து கறுத்திருந்தது, ஒரு சட்டி இல்லை, நாலைந்து சட்டி ஊற்றியிருக்கிறது. தாகத்தைக் காணவில்லை. நிமிர்ந்து பார்த்தால், நாற்காலிக்குப் பக்கத்தில், கன்றுக்குட்டி உயரத்துக்கு நின்றுகொண்டு, தலையைச் செலஸ்டின் மடியில் வைத்திருந்தது. அவர் கையில் பாட்டில். ஏழு மணிக்கே காலி. அவர் உதடு வெடித்திருந்தது.

“எமில்டா, ஒரு வாய் தண்ணி,” என்றார். கிணறு கிணறு என்று கத்துகிற குரல் இல்லை அது. கெஞ்சுகிற குரல். எனக்குக் கத்துகிற குரலைத்தான் சமாளிக்கத் தெரியும்.

மறுநாள் காலை ஆறு மணி டயாலிசிஸ் வரைக்கும் இருபத்து மூன்று மணி நேரம் இருந்தது. டாக்டர் வாக்குக் கொடுக்க மாட்டேன் என்று சொன்னபோது உட்கார்ந்திருந்த நாற்காலியும், அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்த விதமும் என் கண் முன்னால் வந்தன. முதலில் அக்காள் வீட்டு வாசலில் போய் நின்று, கான்வென்ட்டில் கற்றுக்கொடுக்காத வார்த்தைகளில் ஒரு ஐந்து நிமிஷம் திட்டினேன். அக்காள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, “குடிச்சா அடங்கிரும்னு நெனச்சேன்ட்டி,” என்றது. “எல்லாத்துக்கும் அப்படித்தான அடங்கும்?”

அதற்கு மேல் திட்ட நேரம் இல்லை. உட்கார்ந்து யோசித்தேன். தண்ணீர் அதிகமாகிப் போன செடிக்கு என்ன செய்யச் சொன்னாள் பெனிட்டா? ஈர மண்ணிலிருந்து எடு. காய்ந்த சரளையும் காரையும் மாற்று. வெயிலில் விடு. அப்புறம் எத்தனை வாடினாலும் ஊற்றாதே, வாடுவதைப் பார்த்து மனசு கேட்காமல் ஊற்றுகிறவர்களால்தான் அது சாகிறது.

“மண்வெட்டி எடுங்க,” என்றேன் அக்காளிடம்.

நானும் அக்காளும் நனைந்த சரளையை அடியோடு வாரிக் கேட்டுக்கு வெளியே கொட்டினோம். தெரு முனையில் இடித்துப் போட்ட பழைய வீட்டிலிருந்து சுண்ணாம்புக் காரையை ஆளுக்கொரு சட்டியாகக் கொண்டுவந்தார்கள். இசக்கி தேரியில் போய் வெயிலில் வறுபட்ட செம்மணலை இரண்டு சாக்கில் அள்ளி வந்தான். அதைப் பரப்பி, செலஸ்டினை நாற்காலியோடு தூக்கி அதன் நடுவில் வைத்தோம், தாகமும் கூடவே வந்து காலடியில் விழுந்தது. கழுவாத குடத்தின் வாசனைக்குக்கூட அது தலையைத் தூக்கியது. அன்றைக்குத் தண்ணீர் லாரி நாள் வேறு. குழாயிலிருந்து குடத்தில் விழுகிற சத்தம் கேட்டால் போச்சு என்று இசக்கி லாரியை அரை மைல் தள்ளி நிறுத்தினான். பன்னிரண்டு வீட்டுப் பெண்களும் அங்கே போய்ப் பிடித்து, தளும்புகிற சத்தம் வராமல் குடத்துக்குள் வேப்பங்கொத்தைப் போட்டு, மேலே துணியைக் கட்டி, கொலுசைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, எங்கள் வாசலைக் கடக்கும்போது மட்டும் பூசைக்குப் போகிறவர்கள் மாதிரி மூச்சடக்கி நடந்தார்கள். காக்காய்ச் சட்டிகளை எல்லாம் கவிழ்த்தார்கள். அன்றைக்கு மத்தியானம் எங்கள் தெருவுக்கு வந்த கூரியர் பையனிடம் ஒருத்தர்கூடத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. அவன் தெரு மாறி வந்துவிட்டோமோ என்று பலகையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

பொன்கனி அக்காள் கேட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது. கையில் மண்வெட்டிக் காம்பு. பின்தெரு ஆள் ஒருத்தர், விஷயம் கேள்விப்பட்டு, பாவம் என்று ஒரு செம்பில் நன்னாரி சர்பத் கொண்டுவந்தார். “ஒரு சொட்டு உள்ள போச்சு, கைய ஒடிச்சு அடுப்புல வச்சிருவேன்,” என்றது அக்காள். சொல்லிவிட்டு அதற்கே அழுகை வந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வாசலில் ஒரு செம்பைத் திருப்பி அனுப்பியிருக்கிறது.

நான் செலஸ்டினுடைய கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன், ரோஸ்மேரியை ஒரு கொத்து ஒடித்துக் கசக்கி மூக்கில் வைத்தேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு அவர், “எங்கப்பன் வீட்டுலதான் கிணறு இருந்துது,” என்றார். “தெரியும்,” என்றேன். “உப்புக் கிணறு.” “அதுவும் தெரியும்.” நாலு மணிக்குத் தாகம் எழுந்து நின்றது. நாற்காலியை ஒரு சுற்று சுற்றியது. என் முகத்தைப் பார்த்தது, நான் முறைத்தேன். பிறகு போய், புதுக் காரையின் மேல், ரோஸ்மேரியின் பழைய இடத்தில், முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டது. கன்றுக்குட்டி அளவிலேயே இருந்தது, ஆனால் படுத்துக்கொண்டது.

வியாழன் காலையில் எடை மேடை ஓவர்லோடு ஒரு கிலோ எழுநூறு என்று காட்டியது. நான் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, பாதத்தைத் தரையில் வைத்தேன். குளிர்ச்சியாக இருந்தது. இரண்டு வருஷமாக அந்த வராந்தாவில் நடக்கிறேன், தரை குளிர்ச்சி என்று எனக்குத் தெரியாது.

ஒன்பது நாளில் தாகம் இளைத்தது. கன்றிலிருந்து குட்டியானது, குட்டியிலிருந்து பூனையானது, பூனையிலிருந்து ஒரு அணிலாகி, நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டது. பத்தாம் நாள் காலை லாவண்டர் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு கொத்துக் கிடந்தது, அது தாகமா, லாவண்டரின் புதுத் தளிரா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. குனிந்து மோந்து பார்த்தேன். வாசனை வந்தது. சரி என்று விட்டுவிட்டேன். அன்றைக்குத்தான் ராக்ரோஸ் முதல் பூவைத் திறந்தது, வெள்ளை, இஸ்திரி போடாத பருத்தி மாதிரி கசங்கி, இதழடியில் குங்குமப் பொட்டோடு. மத்தியானத்துக்குள் உதிர்ந்துவிட்டது. மறுநாள் ஏழு திறந்தது. தெருவே வந்து பார்த்தது. யாரும் ஊற்றவில்லை.

நேற்றுச் சாயங்காலம் வேலையெல்லாம் முடித்து நானும் ஒரு நாற்காலியைக் கொண்டுபோய் அவர் பக்கத்தில் போட்டேன். செலஸ்டின் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார், வாயை மூடிக்கொண்டு, எச்சில் விழுங்கிக்கொண்டு, குழந்தை மாதிரி. காலடியில் பாட்டில், அதில் நாலு விரற்கடைத் தண்ணீர், மணி ஐந்தரை ஆகியும். அந்தத் தண்ணீரைப் பார்த்தபோதுதான் எனக்கு நாக்கு வறண்டிருப்பது தெரிந்தது. காலையிலிருந்து நான் ஒன்றும் குடிக்கவில்லை. எழுந்து அடுக்களைக்குப் போய் மிக்சியைப் போட வேண்டும் என்று கால் தானாக எழுந்தது. பிறகு உட்கார்ந்துகொண்டேன். எதற்கு மிக்சி? இரண்டு வருஷத்துக்கப்புறம் வாயைத் திறந்து, சத்தமாக, “என்னங்க, எனக்கு ஒரு டம்ளர் தண்ணி கொண்டுவாங்களேன்,” என்றேன். அவர் அசையவில்லை. ரோஸ்மேரி அசைந்தது, அது காற்றுக்கு.

சுவருக்கு அந்தப் பக்கம் பொன்கனி அக்காளின் வளையல் சத்தம் கேட்டது, என் குரல் கேட்டதும் நின்றது. குடத்தை மூடுகிற சத்தம். துணியை இறுக்கிக் கட்டுகிற சத்தம். அப்புறம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆளின் அமைதி.

“அக்கா, நீங்க அங்கதான் நிக்கியன்னு தெரியும். இது எனக்கு அக்கா, அவுகளுக்கு இல்ல. ஒரு செம்பு தண்ணி அந்தச் சுவத்துல வைங்களேன்.”